மைக்குக்குக் கேட்ட இதயம்

அத்தியாயம் 9

மன்னிப்புக் கேட்டு மூக்கருக்குப் பழக்கமில்லை. துப்பறியும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அடுத்தவர்களைத் தலைகுனிய வைத்தே சம்பாதித்தவர். அவருடைய மூக்கு கொஞ்சம் பெரிது. அது நுழைந்த இடத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பியதில்லை என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவர்தான் என்று உதவியாளர் வாலு சொல்வாள். இன்று அந்த மூக்கை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்றிருந்தார்.

லேபிலிருந்து ஃபோன் வந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அவர் இன்னும் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை தடவை பார்த்தாலும் ரிசல்ட் மாறாது பாஸ்," என்றாள் வாலு. "மாத்திரை அசல். போலி நாமதான்."

முப்பது வயதைத் தாண்டியும் வாலைச் சுருட்டி வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்பதால் வந்த பெயர் அது. வேறு நாளாக இருந்தால் முறைத்திருப்பார். இன்று முறைப்பதற்குக்கூட முகமில்லை.

காலையில் நடந்தது இதுதான்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் குழாயோடு கிடப்பவளின் முகம் யாருக்கும் தெரியாது. குரல் எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ கதாநாயகிகளுக்கு டப்பிங் பேசியவள். தொழிலில் எல்லோருக்கும் அவள் குரலக்கா. சில வருஷங்களுக்கு முன் இதயத்தில் ஒரு வால்வு பழுதாகி, அதை எடுத்துவிட்டு உலோகத்தில் செய்த வால்வை வைத்தார்கள். ரத்தத்துக்கு உலோகம் ஆகாது. உரசினால் உறையப் பார்க்கும். உறையாமலிருக்க ஆயுசுக்கும் தினம் ஒரு மாத்திரை. முந்தாநாள் டப்பிங் அறையில் பேசிக்கொண்டே மூச்சுத் திணறிச் சரிந்தாள். வால்வை அடைத்துக்கொண்டு ஒரு ரத்தக்கட்டி. ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் மாத்திரையின் சுவடே இல்லை. ஆனால் மாத்திரை டப்பா மட்டும் தினமும் ஒழுங்காகக் காலியாகியிருந்தது.

"எவனோ மாத்திரையை மாத்தி வச்சிருக்கான்," என்று மூக்கரிடம் வந்தவர் அவளுடைய அண்ணன். ரெக்கார்டிங் தியேட்டர் முதலாளி. "எவனோ என்ன எவனோ, என் மாப்பிள்ளைதான். டப்பாவை நிரப்புறது அவர். ரெண்டு மாசமா ஹால்ல தனியாப் படுக்கறதும் அவர். நீங்களே முடிச்சுப் போட்டுக்குங்க."

மூக்கர் முடிச்சுப் போட்டார். வீட்டில் மிச்சமிருந்த மாத்திரைகளை லேபுக்கு அனுப்பினார். ரிசல்ட் வரும்வரை பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. காலையில், நர்ஸ்களும் மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்களும் நின்றிருந்த வராந்தாவில், பஸ் டிரைவரான அந்தக் கணவனை நிறுத்திவைத்துக் கேட்டார்.

"ரூட்டை மாத்தி பஸ் ஓட்டினா மெமோ குடுப்பாங்க. மாத்திரையை மாத்தினா என்ன குடுப்பாங்க டிரைவர் சார்?"

யாரோ சிரித்தார்கள். டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். மச்சான்காரரான அந்த அண்ணன் பாய்ந்து சட்டைக் காலரைப் பிடித்தபோதும் கையைத் தட்டிவிடவில்லை. குற்றவாளிதான் இப்படி நிற்பான் என்று மூக்கருக்கு அப்போது தோன்றியது. அந்தச் சிரிப்பு தனக்குக் கிடைத்த கைதட்டலாகவும் தோன்றியது. இப்போது நினைத்தால் உடம்பு கூசியது.

"போங்க பாஸ், உள்ளே போங்க. பட்டுனு கேட்டுட்டு வந்துடுங்க. ஊசி போட்ட மாதிரி, ஒரு நிமிஷம்தான் வலிக்கும்."

"நீ கொஞ்சம் சும்மா இரு."

வராந்தாவின் கோடியில் டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டையின் மேல் பட்டன் காலையில் அறுந்து போயிருந்தது. மூக்கர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். அதற்குள் டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

"நீங்கதானே அந்த டிடெக்டிவ்? யார் தப்புங்கறது எனக்கு அப்புறம். எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும். மாத்திரை எப்போ நின்னுது?"

"அது தெரிஞ்சு என்ன ஆகப்போகுது டாக்டர்?"

"அதுலதான் எல்லாமே இருக்கு. கட்டி புதுசுன்னா டிரிப்ஸ்ல மருந்து விட்டுக் கரைச்சிடலாம். மாசக்கணக்காகி இறுகிப் போயிருந்தா கரையாது. ரத்தக்கசிவுதான் மிச்சம். அப்போ மறுபடி நெஞ்சைத் திறந்தாகணும். இப்ப இருக்கற நிலைமைல திறந்தா தாங்குவாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

"ஸ்கேன்ல தெரியாதா?" என்றாள் வாலு.

"கட்டி இருக்கறது தெரியும். அதோட பிறந்த தேதி தெரியாது. சாயங்காலத்துக்குள்ள நான் முடிவு எடுத்தாகணும்." டாக்டரம்மா திரும்பிப் போய்விட்டார்.

மூக்கர் மெல்லச் சொன்னார். "மாத்திரை எல்லாம் அசல்னு லேப்ல சொல்லிட்டாங்க. காலையில நான்..."

"பரவாயில்லைங்க," என்றார் டிரைவர்.

அந்தப் 'பரவாயில்லை'யை விட ஒரு அறை விட்டிருக்கலாம் என்று மூக்கருக்கு இருந்தது.

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல? நான் பண்ணலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

டிரைவர் பட்டன் அறுந்த இடத்தைத் தடவினார். "அந்த வால்வு சத்தம் போடும்ங்க. டிக், டிக்னு. பகல்ல தெரியாது. ராத்திரி பக்கத்துல படுத்தா அது மட்டும்தான் கேக்கும். எனக்கு விடிகாலை டியூட்டி. ஒருநாள் ஸ்டீயரிங்ல கண்ணைச் சொக்கிடுச்சு. வீட்டுக்கு வந்த கோபத்துல, 'உன்கூட மனுஷன் தூங்குவானா'ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அன்னியிலேர்ந்து ஹால்லதான் படுக்கறேன்."

"அதுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரியல. ஆனா நாலஞ்சு நாள் முன்னாடி, 'இப்ப சத்தமே இல்லைங்க, உள்ள வந்து படுங்க'ன்னு அவளா கூப்பிட்டா. முகமெல்லாம் சந்தோஷம். எனக்கு வெக்கமாப் போச்சு. எந்த மூஞ்சியோட போறது? 'இருக்கட்டும்'னு சொல்லிட்டேன். போயிருந்தா ஏதாவது தெரிஞ்சிருக்குமோ என்னமோ."

மூக்கரின் மூக்கு விடைத்தது. வாலு அதைக் கவனித்துவிட்டாள்.

"ஆன்டெனா வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு," என்றாள்.

"வால்வு இரும்புல பண்ணினது. கதவு மாதிரி திறந்து மூடறதாலதான் சத்தம். அந்தச் சத்தம் தானாக் குறையுமா?" என்றார் மூக்கர்.

"கதவுக்கும் நிலைக்கும் நடுவுல துணி மாட்டிக்கிட்டா குறையும் பாஸ்."

அந்தத் துணி ரத்தக்கட்டிதான் என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது.

"சத்தம் என்னிக்குக் குறைய ஆரம்பிச்சுதுன்னு தெரிஞ்சா போதும்," என்று எழுந்தார் மூக்கர். "டிரைவர் ஹால்ல படுத்துட்டார். அவருக்குத் தெரியாது. ஆனா தினமும் அந்த அம்மாவுக்கு எதிர்ல ஒருத்தன் காதைத் தீட்டிக்கிட்டு நின்னுக்கிட்டே இருந்திருக்கான்."

"யாரு?"

"மைக்."

*

ரெக்கார்டிங் தியேட்டரின் உள்ளே கால் வைத்ததும் தெருச்சத்தம் அறுந்து போயிற்று. சுவரெல்லாம் தடித்த துணி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மிஷின்களும் மானிட்டரும், உள்ளே இருப்பவரோடு பேச ஒரு மைக்கும். அந்தப் பக்கம் சின்னதாக ஓர் அறை, நடுவில் மைக், வசனத்தாள் வைக்கும் ஸ்டாண்ட், ஒரு ஸ்டூல்.

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். தொழில் கற்ற காலத்திலிருந்து தன் கையாலேயே ரெக்கார்டு பண்ணுகிறவர். முதலாளி ஆன பிறகும் அந்த நாற்காலியை வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.

"மாப்பிள்ளை ஒத்துக்கிட்டாரா?" என்றார் முதல் கேள்வியாக.

"மாத்திரை அசல் சார். அவர் மேல தப்பு இல்ல. காலையில அவரைப் பேசினது என் தப்பு."

"அசல் மாத்திரை வயித்துக்குள்ள போனா எப்படி சார் ரத்தத்துல இல்லாம இருக்கும்?"

"அதைத்தான் கேக்க வந்தோம். உங்க தங்கச்சியோட நெஞ்சுச் சத்தம் மைக்ல விழுமா?"

அண்ணன் கசப்பாகச் சிரித்தார். "விழுமாவா? இங்க ஊசி விழுந்தா கேக்கும். பேசும்போது தெரியாது. வசனத்துக்கு நடுவுல மூச்சு விட நிறுத்துவா பாருங்க, அங்கங்க டிக், டிக். ஒவ்வொண்ணாத் தேடி அழிக்கணும். 'கடிகாரம் வந்தாச்சு'ன்னு பசங்க கிண்டல் பண்ணுவாங்க. பேரு வச்சது நான்தான். அவளும் சிரிப்பா."

"எப்பவும் சிரிப்பாங்களா?"

"என்ன சார் கேள்வி இது? அண்ணன் தங்கச்சிக்குள்ள கிண்டல்." அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். "புதுப் படத்துல டைரக்டர் ரொம்பக் கறார். சோகக் காட்சி, பின்னணி இசையே கிடையாது. சத்தம் வந்தா ஆளை மாத்திடுவேன்னு சொல்லியிருந்தார். நல்லவேளை, அவ சமாளிச்சிட்டா. டிராக் அவ்வளவு சுத்தம்."

"அழிச்சதெல்லாம் வேண்டாம். அழிக்காத ஒரிஜினல் இருக்கா?"

"எல்லாம் இருக்கு. நான் நடுவுல நிறுத்தவே மாட்டேன் சார். ஆளு உள்ள நுழைஞ்சதும் ரெக்கார்டு போட்டா, வெளிய போனதும்தான் நிறுத்துவேன். நல்ல டேக் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

வாலு இதற்குள் கண்ணாடி அறைக்குள் புகுந்துவிட்டாள். மைக்கைப் பார்த்தால் சும்மா இருக்கிற ஆளா? ஒரு கதாநாயகி மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு, "அத்தான், என்னை விட்டுப் போகாதீங்க," என்றாள். பிறகு ஸ்டாண்டின் கீழ்த் தட்டில் இருந்த ஒரு சின்னத் தகர டப்பாவைத் திறந்தாள். தொண்டைக்கு அடக்கிக்கொள்ளும் மிட்டாய் டப்பா. ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

"வாலு! கீழ வை!"

மூக்கர் கத்தியது இந்தப் பக்கத்து மைக் வழியாகத் தியேட்டர் முழுக்க அதிர்ந்தது. அவள் கையிலிருந்தது மிட்டாய் இல்லை. காலையிலிருந்து அவர் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆகிப்போன மாத்திரை. டப்பாவுக்குள் இன்னும் கொஞ்சம் கிடந்தன, மிட்டாய்களோடு மிட்டாயாக.

"டிரைவர் நிரப்பிக் குடுத்திருக்கார். இந்தம்மா பையில எடுத்துட்டு வந்து இங்க கொட்டியிருக்காங்க," என்றாள் வாலு. "மத்தியானம் ஸ்டூடியோவுல போட்டுக்கிட்டேன்னு வீட்டுல சொல்லியிருப்பாங்க. டப்பா காலி, புருஷன் சந்தோஷம்."

அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. "அவளே போடலையா? அவளுக்கு என்ன பைத்தியமா?"

"முதல்ல தேதி. காரணம் அப்புறம்," என்றார் மூக்கர். "புதுப் படத்தோட டிராக்கை ஆரம்பத்துலேர்ந்து போடுங்க."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் நாள் டிராக். குரலக்கா வசனத்தாளைப் புரட்டும் சத்தம். நிசப்தம். அந்த நிசப்தத்தில் டிக், டிக், டிக். யாரோ மேஜையில் நகத்தால் தட்டுவது போல் தெளிவாக இருந்தது.

"அடுத்த நாள்."

அதே சத்தம்.

"அதுக்கு அடுத்தது?"

"நடுவுல ரெண்டு மூணு நாள் இல்ல சார். கடைவாய்ப் பல்லு புடுங்கணும்னு லீவு போட்டா."

மூக்கர் திரும்பினார். "பல்லா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ரத்தம் உறையாம இருக்கத்தான் அந்த மாத்திரை. அதைப் போட்டுக்கிட்டுப் பல்லைப் புடுங்கினா ரத்தம் எப்படி நிக்கும்? கொஞ்ச நாளைக்கு மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருப்பாங்க." அவர் தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார். "புருஷனைச் சந்தேகப்பட்டேன், மருந்துக்கடையைச் சந்தேகப்பட்டேன். பல்லைப் பத்தி ஒருத்தரையும் கேக்கல. போடுங்க."

லீவு முடிந்து வந்த நாளின் டிராக். டிக், டிக். இருக்கிறது. அதற்கு அடுத்தது. இருக்கிறது, ஆனால் கொஞ்சம் அமுங்கலாக. நகத்தால் தட்டிக்கொண்டிருந்த கை, விரல் நுனியால் தட்டியது. அதற்கும் அடுத்த நாள், கையில் உறை மாட்டிக்கொண்டு தட்டியது போல இருந்தது. பிறகு காதை ஸ்பீக்கரில் ஒட்டிவைத்துத் தேட வேண்டியிருந்தது.

மூக்கர் ஃபோனை எடுத்தார்.

"டாக்டரம்மா, பல்லு புடுங்கறதுக்கு முந்தின நாள் வரைக்கும் வால்வு நல்லா வேலை செஞ்சிருக்கு. சத்தம் இருக்கு, தேதியோட. லீவு முடிஞ்சு வந்த பிறகுதான் குறைஞ்சிருக்கு. இன்னியோட ரெண்டு வாரம்கூட ஆகல. போடாத மாத்திரையும் கையில இருக்கு."

எதிர்முனையில் சில கேள்விகள். பிறகு, "அந்தச் சத்தத்தை அப்படியே எனக்கு அனுப்புங்க. பல் டாக்டர்கிட்டயும் கேட்டுடறேன். மத்த டெஸ்ட்டோட சேர்த்துப் பார்த்து, சரியா வந்தா டிரிப்ஸ் ஆரம்பிச்சிடறேன்."

அண்ணன் மூச்சை விட்டார். "பிழைச்சிடுவாளா சார்?"

"வழி திறந்திருக்கு."

"ஆனா ஏன் சார்? பல்லுக்காக நாலு நாள் நிறுத்தினா சரி. அப்புறம் ஏன் போடல? எவனோ வேண்டாம்னு சொல்லியிருக்கான். அவன் யாருன்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

வழக்கு இங்கேயே முடிந்திருந்தால் மூக்கருக்கு நிம்மதி. டிராக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன்தான் நடுவில் நிறுத்தாதவர் ஆயிற்றே. வசனம் முடிந்து, தாளை மடிக்கும் சத்தத்துக்குப் பிறகு குரலக்காவின் சொந்தக் குரல் வந்தது. கதாநாயகிகளின் குரலை விட அது கொஞ்சம் சன்னமாக இருந்தது.

"அண்ணே, இன்னிக்குக் கடிகாரம் எப்படி?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து மைக் வழியாகப் போன பதில், உள்ளே ஸ்பீக்கரில் விழுந்து, திரும்ப அவளுடைய மைக்கில் பதிந்திருந்தது. அண்ணனின் குரல்.

"அட! சுத்தமா இருக்கேம்மா! என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலண்ணே. பல்லுக்காக அந்த மாத்திரையை நிறுத்தினேன். ஈறுல லேசா ரத்தம் கசிஞ்சுதுன்னு நானா இன்னும் ரெண்டு நாள் தள்ளிப் போட்டேன். அதுலேர்ந்து சத்தம் குறைஞ்சிருக்கு. மாத்திரைதான் காரணம்போல. திரும்ப ஆரம்பிக்கணும், ஆரம்பிச்சா மறுபடி..."

அண்ணனின் கை நிறுத்தும் பட்டனை நோக்கிப் போனது. மூக்கர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அழுத்திப் பிடிக்கவில்லை. அண்ணனும் இழுக்கவில்லை.

"அப்படின்னா படம் முடியற வரைக்கும் இப்படியே விட்டுடேன்," என்றது ஸ்பீக்கரில் அவருடைய குரல், சிரிப்போடு. "டைரக்டர் காலைத் தொட்டுக் கும்பிடுவார். சரி சரி, அடுத்த ரீல், டயம் ஆகுது."

"சரிண்ணே," என்றாள் அவள்.

அடுத்த ரீல் ஓடியது. அவள் பேசினாள், நிறுத்தினாள். அந்த இடைவெளிகளில் எதுவுமே இல்லை.

"நான் விளையாட்டுக்குச் சொன்னேன்," என்றார் அண்ணன். "சொன்னதே ஞாபகம் இல்ல சார். சத்தியமா. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற ஃபேடரைப் பார்த்துக்கிட்டு ஏதோ ஒரு பேச்சுக்கு..." அவர் எதிரே இருந்த மிஷின்களைப் பார்த்தார். "எனக்குக் காதுதான் சார் சோறு போடுது. இண்டஸ்ட்ரியில என் காது மாதிரி இல்லைம்பாங்க. அவ நெஞ்சு அடைச்சுக்கிட்டு வர்றதைத் தினமும் கேட்டுட்டு, சுத்தம், சுத்தம்னு பாராட்டியிருக்கேன்."

வாலு அந்தத் தகர டப்பாவை மூடினாள். அதை மூக்கரிடம் நீட்டினாள்.

*

அன்று சாயங்காலமே டிரிப்ஸ் ஏறியது. மூக்கர் வராந்தாவில் காத்திருந்தார். காலையில் இருந்த நர்ஸ்களும் சொந்தக்காரர்களும் ஏறக்குறைய அப்படியே இருந்தார்கள். சிரித்த ஆளும் இருந்தார். மூக்கர் எழுந்து டிரைவரின் முன்னால் போய் நின்றார். எல்லோர் காதிலும் விழும்படி குரலை உயர்த்தினார்.

"காலையில இதே இடத்துல இவரைக் குற்றவாளின்னு சொன்னேன். இவர் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது. கேலி பண்ணினதும் என் தப்பு. மன்னிச்சிடுங்க."

டிரைவர் சங்கடத்தோடு எழுந்து நின்றார். காதுமடலெல்லாம் சுட, மூக்கர் அங்கேயே நின்றார்.

"பரவாயில்லைங்க," என்றார் டிரைவர் மறுபடியும். ஆனால் இந்தத் தடவை முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஊசி ஒரு நிமிஷம்தான் வலிக்கும்னேனே," என்று வாலு காதோரம் கிசுகிசுத்தாள். "எனக்கே வலிச்சுது பாஸ்."

மறுநாள் மத்தியானம் வால்வின் கதவுகள் இரண்டும் ஆடுவது ஸ்கேனில் தெரிந்தது. சாயங்காலம் செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்தார்கள். டிரைவர் முதலில் உள்ளே போனார். வெகுநேரமாக வெளியே வரவில்லை.

அண்ணன் கதவருகே நின்றிருந்தார். உள்ளே போகவில்லை. "எந்த மூஞ்சியோட சார் போறது?" என்றார். நேற்று இதே வார்த்தையை அந்தப் பெஞ்சில் வேறொரு வாய் சொன்னது மூக்கருக்கு ஞாபகம் வந்தது.

"இருக்கற மூஞ்சியோட போங்க. நானும் அப்படித்தான் போனேன்," என்று கதவைத் திறந்துவிட்டார்.

அறை அமைதியாக இருந்தது. டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கட்டில் விளிம்பில், மனைவியின் தோளருகே தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். மூன்று நாள் தூக்கம். லேசாகக் குறட்டைகூட வந்தது. அந்தக் குறட்டைக்கு நடுவில், கதவருகே நின்றவர்களுக்கும் கேட்டது. டிக், டிக், டிக்.

குரலக்கா கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்த்தாள். தொண்டை கட்டியிருந்தது. அந்தக் குரலை எந்தக் கதாநாயகிக்கும் கொடுக்க முடியாது.

"அண்ணே," என்றாள். "சத்தம் மறுபடி வந்துடுச்சுண்ணே. மன்னிச்சிடுங்க."

அண்ணன் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பெரிய மனிதர் விசும்பத் தொடங்கினார்.

"அழாதீங்கண்ணே," என்றாள் அவள், கணவனின் தலையை ஒரு தரம் பார்த்துவிட்டு. "மெதுவா. இப்பதான் தூங்கறார், எழுந்துடப் போறார்."